மங்கலாகவே பிறந்த படம்

பாரீசுக்குத் தெற்கே கூர்தாம்பியேர் என்றொரு சிற்றூர். 1930-ல் அங்கே தங்கியிருந்த ஒரு படக்குழு, எடுத்த துண்டுகளைக் கழுவி ஓட்டிப் பார்த்தது. ஒரு காட்சி மட்டும் சாம்பல் பூசினாற்போல வெளிறிக் கிடந்தது. எங்கிருந்தோ ஒரு விளக்கின் வெளிச்சம் தவறுதலாக லென்ஸில் விழுந்திருந்தது. வேறு இயக்குநராக இருந்தால் அந்தத் துண்டைக் கழித்துவிட்டு மறுபடி எடுத்திருப்பார். கார்ல் தியோடோர் டிரையருக்கோ தாம் தேடிக்கொண்டிருந்தது இதுதான் என்று பட்டது. அதன்பிறகு ஒளிப்பதிவாளர் ருடால்ஃப் மாத்தே கேமராவுக்கு முன்னால் சற்றுத் தள்ளி மெல்லிய வலைத்துணியைப் பிடிக்கச் செய்து, அதன்மேல் விளக்கடித்து, அந்த வெளிச்சம் திரும்பி லென்ஸுக்குள் போகும்படி பார்த்துக்கொண்டார். தவறாக வந்த மங்கலைத் தினமும் பாடுபட்டு வரவழைத்தார்கள்.

அந்தப் படம் ‘வாம்பிர்’. ஒன்றேகால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ரத்தக் காட்டேரிப் படங்களின் பட்டியலில் எப்போதும் இருக்கும், ஆனால் உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. பார்த்தவர்களிலும் பலர் பழைய படம், பிரதி தேய்ந்துபோயிருக்கிறது, அதனால்தான் முகம்கூடத் தெளிவாகத் தெரியவில்லை என்று சொல்வார்கள். பிரதி தேய்ந்தது உண்மைதான். ஆனால் அந்தப் படச்சுருளில் இரண்டு மங்கல்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று டிரையர் வேண்டும் என்றே வைத்தது. மற்றது தொண்ணூறு வருஷம் அலைந்ததில் ஒட்டிக்கொண்டது. முதலாவதை இரண்டாவது என்று நினைத்துவிட்டால், இந்தப் படத்துக்கு அதைவிடப் பெரிய அநியாயம் வேறில்லை.

டிரையர் டென்மார்க்காரர், 1889-ல் பிறந்தவர். 1928-ல் பிரான்சில் ஜான் தார்க்கின் விசாரணையைப் படமாக்கினார். உலக சினிமாவின் உச்சங்களில் ஒன்று என்று இன்று கொண்டாடப்படும் அந்தப் படம் அன்று காசு பார்க்கவில்லை. தயாரித்த நிறுவனத்தோடு வழக்கில் போய் முடிந்தது. இனி நிறுவனங்களே வேண்டாம் என்றிருந்தவருக்கு நிக்கோலா தெ குன்ஸ்பூர் கிடைத்தார். வங்கிக் குடும்பத்துப் பிள்ளை, இருபத்தைந்து இருபத்தாறு வயது, நடிப்பில் ஆசை. படத்துக்குப் பணம் போடுகிறேன், கதாநாயகன் நானாக இருக்க வேண்டும் என்பது பேச்சு. வீட்டில் எதிர்ப்பு இருந்ததால் ‘ஜூலியன் வெஸ்ட்’ என்று பெயரை மாற்றிக்கொண்டு நடித்தார். பணம் கொடுத்தவரே நாயகனாக நடித்த படங்களின் கதி தமிழ் ரசிகர்களுக்குத் தெரியும். இங்கே அது வேறு மாதிரி ஆயிற்று. குன்ஸ்பூருக்கு நடிக்கத் தெரியாது. அகல விழித்த கண்ணோடு தூக்கத்தில் நடப்பவர்போல வருவார், போவார். அந்தக் கதைக்கு அதுதான் தேவைப்பட்டது.

தொழில்முறை நடிகர்கள் என்று சொல்ல இரண்டே பேர்தான்: நோயாளிப் பெண் லியோனாக வரும் சிபில் ஷ்மிட்ஸ், அவள் தந்தையாக வரும் மொரிஸ் ஷூட்ஸ். மற்றவர்களைப் பாரீசின் தெருவிலும் கடையிலும் ரயிலிலும் முகம் பார்த்துப் பொறுக்கினார்கள். மருத்துவராக வரும் யான் ஹியெரோனிம்கோ ஒரு போலந்துப் பத்திரிகையாளர். பாரீஸ் சுரங்க ரயிலில் இரவு நேரத்தில் கண்ணில் பட்டவர் என்பார்கள். கதையின் வேர் அயர்லாந்து எழுத்தாளர் ஷெரிடன் லெ ஃபானுவின் 1872-ஆம் ஆண்டுத் தொகுப்பில் இருக்கிறது. பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ வருவதற்கு இருபத்தைந்து வருஷம் முந்தையது அது. ‘கார்மில்லா’ என்ற புகழ்பெற்ற கதை அதில்தான் இருக்கிறது. டிரையர் அதிலிருந்து எடுத்துக்கொண்டது ஒரு சாயலை மட்டுமே.

ஆலன் கிரே என்ற இளைஞன் ஆற்றங்கரை விடுதிக்கு வந்து சேர்கிறான். தோளில் மீன்பிடிக்கிற வலைக்கோல். அரிவாள் ஏந்திய ஒரு கிழவர் படகுத்துறை மணியை அடிக்கிறார். இரவில் பூட்டிய அறைக்குள் ஒரு பெரியவர் வந்து, அவள் சாகக் கூடாது என்று சொல்லிவிட்டு, என் மரணத்துக்குப் பின் திறக்கவும் என்று எழுதி ஒரு பொட்டலத்தை வைத்துவிட்டுப் போகிறார். இதற்குப் பிறகு கதையைச் சொல்லிப் பயனில்லை. ஒற்றைக்கால் சிப்பாய் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். அவன் நிழல் மட்டும் தனியே போய் வேலையை முடித்துவிட்டுத் திரும்பி வந்து பக்கத்தில் அமர்கிறது. குழி வெட்டுபவனின் நிழல் மண்ணைப் பின்னோக்கி எடுத்துப் போடுகிறது. யாரும் அலறவில்லை. இசை ஓங்கி அதிர்ந்து நம்மைத் துள்ள வைக்கவில்லை. வோல்ஃப்காங் ஸெல்லரின் இசை பக்கத்து அறையில் யாரோ முனகுவதுபோல ஓடிக்கொண்டேயிருக்கிறது.

நான் அடிக்கடி நிறுத்திப் பார்ப்பது லியோனின் முகத்தைத்தான். கழுத்தில் கடிபட்டுக் கட்டிலில் கிடக்கிறாள். செத்துப்போனால் நல்லது என்று அழுகிறாள். அழுகை நிற்கிறது. தலை மெல்ல நிமிர்கிறது. உதடு விலகுகிறது, பற்கள் தெரிகின்றன. சாதாரணப் பற்கள், கோரைப் பல் எதுவும் ஒட்டவில்லை. கண்கள் மேலே போய், அறையில் நடமாடும் தங்கை ஜிஸேலைத் தொடர்கின்றன. அந்தச் சிரிப்பில் பசி இருக்கிறது. தங்கை பின்வாங்குகிறாள். சில விநாடிகள்தான், மறுபடி பழைய லியோன். ஒப்பனை இல்லை, தந்திரக் காட்சி இல்லை, ஒரு சொட்டு ரத்தம் இல்லை. சிபில் ஷ்மிட்ஸின் தசைகள் மட்டும் வேலை செய்கின்றன. அவர் 1955-ல் மனம் உடைந்த நிலையில் இறந்துபோனார். ஜெர்மன் இயக்குநர் ஃபாஸ்பிண்டரின் ‘வெரோனிகா ஃபோஸ்’ படம் அவருடைய வாழ்க்கையிலிருந்து பிறந்தது.

இன்னொரு காட்சியையும் சொல்ல வேண்டும். ஆலன் கிரே தன் உடல் சவப்பெட்டியில் கிடப்பதைத் தானே காண்கிறான். அப்புறம் கேமரா பெட்டிக்குள் போய்விடுகிறது. முகத்துக்கு மேலே ஒரு சிறு கண்ணாடி. திருப்புளியால் மூடியை முடுக்குகிறார்கள். கண்ணாடிமேல் மெழுகுவத்தியை வைத்து ஏற்றுகிறார்கள். கிழவியின் முகம் குனிந்து பார்க்கிறது. பெட்டி தூக்கப்படுகிறது, கூரை நகர்கிறது, பிறகு வானம், மரக்கிளைகள், கோயில் கோபுரம். செத்தவனின் கண்ணால் சவ ஊர்வலத்தைப் பார்க்கிறோம். அந்த இரண்டொரு நிமிஷத்தில் மூச்சு முட்டாதவர்கள் இருந்தால் அவர்களுக்கு இந்தப் படம் ஒத்துவராது.

காட்டேரி யார் என்பதில்தான் தமிழ் வாசகருக்கு இந்தப் படம் நெருங்கி வருகிறது. 1931-ல் அமெரிக்க ‘டிராகுலா’வில் பேலா லுகோசி கறுப்புப் போர்வையும் எண்ணெய் தடவிய தலையுமாக வந்து, ரத்தம் குடிப்பவனை ஒரு கனவானாக்கி உலகம் முழுக்க அனுப்பிவிட்டார். டிரையரின் காட்டேரி, ஊரில் எங்கும் காணக்கூடிய ஒரு தடித்த கிழவி. கையில் ஊன்றுகோல், பார்வை மங்கல், மிடுக்கான நடை. அந்தக் கிழவியாக நடித்த ஹென்ரியெட் ஜெராரும் நடிகை அல்லர். பிள்ளைத்தாய்ச்சியைத் தனியே விடாதே, காட்டேரி அண்டும் என்று நம் வீடுகளில் பயந்த பயத்துக்கு இந்தக் கிழவி லுகோசியைவிடக் கிட்டத்தில் நிற்கிறாள். அந்தப் பயத்தில் காதலோ கவர்ச்சியோ கிடையாது. நோய், இளைப்பு, வீட்டில் ஒருத்தி காரணம் தெரியாமல் வற்றிப்போவது, இவ்வளவுதான்.

நம்மிடமிருந்தும் ஒரு சரக்கு அந்தப் பக்கம் போயிருக்கிறது. பெஞ்சமின் பாபிங்டன் என்ற ஆங்கிலேயர், சென்னையில் அரசு ஊழியம் பார்த்துத் தமிழ் கற்றவர், பின்னாளில் மருத்துவர். வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையை 1822-ல் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன அவரே, தமிழ் வேதாளக் கதையையும் மொழிபெயர்த்து 1831-ல் லண்டனில் வெளியிட்டார். 1870-ல் ரிச்சர்ட் பர்ட்டன் இதே விக்கிரமாதித்தன் வேதாளக் கதைகளைத் தம் போக்கில் எழுதியபோது, வேதாளத்தை ஒரேயடியாக ‘வாம்பயர்’ ஆக்கிவிட்டார். பர்ட்டனை நேரில் சந்தித்து, அவர் பேசும்போது உதடு உயர்ந்து கோரைப் பல் மின்னியதைக் குறித்துவைத்தவர் பிராம் ஸ்டோக்கர். இதை வைத்து டிராகுலாவுக்குத் தமிழ்ப் பூர்வீகம் கொண்டாட வேண்டியதில்லை. கதைகள் எந்தெந்தக் கைவழியாகப் போகின்றன என்பதைத் தெரிந்துகொள்வதே போதுமான சந்தோஷம்.

படச்சுருளுக்கு வருவோம். பேசும்படம் வந்த புதிது. டிரையர் காட்சிகளை ஓசையில்லாமல் எடுத்தார். வசனம் வருமிடங்களில் ஜெர்மன், பிரெஞ்சு, ஆங்கிலம் என்று மூன்று மொழியிலும் வாயசைக்கச் சொல்லித் தனித்தனியாக எடுத்தார்கள். குரலும் ஓசையும் பின்னால் பெர்லினில் சேர்த்தவை. நாய், கிளிச் சத்தங்கள்கூட மிமிக்ரி செய்பவர்கள் கொடுத்தவைதான். வசனம் மிகக் குறைவு. கதையைச் சொல்வதில் பாதி வேலையை ஒரு பழைய புத்தகத்தின் பக்கங்கள் செய்கின்றன.

ஜெர்மனியின் ஊஃபா நிறுவனம், ஹாலிவுட்டின் டிராகுலாவும் ஃபிராங்கன்ஸ்டைனும் முதலில் ஓடட்டும் என்று இதைத் தள்ளிப்போட்டதாகச் சொல்வார்கள். 1932 மே 6 அன்று பெர்லினில் திரைக்கு வந்தது. அரங்கில் கூச்சல் போட்டார்கள். வியன்னாவில் ஜனங்கள் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்டுக் கலாட்டா செய்து, போலீஸ் தடியோடு வர வேண்டியதாயிற்று. லுகோசியைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு இந்தக் கிழவியும் இந்தச் சாம்பலும் ஏமாற்று வேலையாகப் பட்டிருக்க வேண்டும். செப்டம்பரில் பாரீஸிலும் வெளியானது, காப்பாற்றவில்லை. டிரையர் மனம் தளர்ந்து சிகிச்சைக்குப் போனார், பத்திரிகை வேலைக்குத் திரும்பினார். அடுத்த முழுநீளப் படத்தை அவர் எடுத்து முடிக்க 1943 ஆயிற்று. பதினோரு வருஷம். ஐம்பதுகளில் ‘ஓர்டெட்’ எடுக்கக்கூடிய மனிதரிடம் அந்தப் பதினோரு வருஷத்தில் எத்தனை படங்கள் இருந்திருக்கும் என்று எண்ணும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

படம் அதற்கப்புறம் சிதறியது. ஜெர்மன் தணிக்கையில் இரண்டு இடங்களில் வெட்டு விழுந்தது: கல்லறையில் கிழவியின் நெஞ்சில் இரும்புக் கம்பி அடிக்கும் இடம், மாவு ஆலையில் மருத்துவர் மூச்சுத் திணறிச் சாகும் இடம். அமெரிக்காவில் ‘கேஸில் ஆஃப் டூம்’ என்று பெயரை மாற்றி, காட்சிகளை வெட்டி ஒட்டி, ஆங்கிலத்தில் பேச்சையும் ஏற்றி ஓட்டினார்கள். மூலப் படநெகடிவும் ஒலிநெகடிவும் இல்லாமல் போயின. மிஞ்சியவை பிரதிகள். ஒன்றில் இருப்பது இன்னொன்றில் இல்லை. ஒன்றில் ஒலி சுமார், ஒன்றில் படம் சுமார். பிரதியிலிருந்து பிரதி, அதிலிருந்து இன்னொரு பிரதி என்று எடுக்க எடுக்க, டிரையரின் நுண்ணிய சாம்பல் அடுக்குகள் எல்லாம் ஒரே வெள்ளைப் பூச்சாகக் கரைந்தன. நான் முதலில் பார்த்த பிரதியில், ஏதோ ஒரு வடதேசத்து மொழியின் வரிகள் படத்திலேயே அச்சாகியிருந்தன. அதை மறைக்க ஒரு கறுப்புப் பட்டை. அந்தப் பட்டையின்மேல் கொட்டை எழுத்தில் ஆங்கிலம். கட்டிலில் படுத்திருக்கும் லியோனின் பாதி உடம்பு பட்டைக்குள் போயிருந்தது.

1990-களில் மார்ட்டின் கோர்பர் என்ற ஜெர்மன் ஆவணக் காப்பாளரின் பொறுப்பில், குறைபட்ட ஜெர்மன், பிரெஞ்சுப் பிரதிகளை இணைத்து ஒரு சீரமைப்பு நடந்தது. பொலோன்யா திரைக்காப்பகமும் அதில் இருந்தது. 1998-ல் அது முடிந்தது. பின்னால் டென்மார்க் திரைப்பட நிறுவனம் கணினி வழியில் இன்னொரு முறை இறங்கிச் செய்தது. படத்துக்குத் தொண்ணூறு வயதான 2022-ஐ ஒட்டி அது வெளிவந்தது. இந்த வேலையின் சங்கடத்தை நினைத்துப் பாருங்கள். கீறலை அழிக்கலாம், தூசியை எடுக்கலாம், துள்ளும் சட்டகத்தை நிறுத்தலாம். மங்கலை என்ன செய்வது? தெளிவாக்கும் பொத்தானைக் கொஞ்சம் கூடத் திருகினால் மாத்தேயின் வலைத்துணி காணாமல் போய்விடும். திருகாமலே விட்டால் நகலெடுத்தவர்களின் அழுக்கு டிரையரின் கணக்கில் ஏறிவிடும்.

புதுச்சேரியில் இருப்பவர்களுக்கு இந்தச் சங்கடம் புரியும். கடற்கரைச் சாலையில் இருந்த மேரி என்னும் நகராட்சிக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. நூற்று நாற்பது வருஷத்துக் கட்டடம். பழைய உருவத்திலேயே திரும்பக் கட்டி 2021-ல் திறந்தார்கள். வெளியூர்க்காரர் வந்து பார்த்தால் பழையது என்றே படமெடுத்துக்கொள்வார். உள்ளூரில் அதைப் பற்றி இரண்டு கட்சி உண்டு: நல்லவேளை, கண்ணுக்காவது இருக்கிறதே என்பது ஒன்று; இது அது இல்லை என்பது மற்றொன்று. சீரமைத்த ‘வாம்பிர்’ விஷயத்தில் நான் முதல் கட்சி. அதைக் கட்டிய கைகள் பழைய பிரதிகளின் பிம்பங்களைக் கொண்டே கட்டின. அந்தக் கைகள் எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தியிருக்கின்றன. விடிகாலைக் காட்சிகளில் புல்லின்மேல் படர்ந்திருக்கும் வெளிச்சம் இப்போது அழுக்காக இல்லை, பனியாக இருக்கிறது.

பிரான்சிலிருந்து படம் தமிழ் மண்ணுக்கு வருவது புதிதல்ல. 1905-ல் திருச்சியில், நோய்ப்பட்டு ஊர் திரும்ப நினைத்த துபான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் ஏசுவின் வாழ்க்கைப் படச்சுருளையும் வாங்கித்தான் சாமிக்கண்ணு வின்சென்ட் ஊர் ஊராகப் போனார். தென்னாட்டின் நடமாடும் சினிமா அந்த வியாபாரத்தில் தொடங்கியது. புதுச்சேரியில் சுஃப்ரேன் வீதி அலியான்ஸ் பிரான்சேஸும், பக்கத்தில் ஆரோவில்லின் சினிமா பாரடிசோவும், நவதர்ஷன் திரைப்படக் கழகமும் வெளி மொழிப் படங்களை உட்கார்ந்து பார்க்கும் பழக்கத்தை இங்கே விட்டுவிடாமல் வைத்திருக்கின்றன. ‘வாம்பிர்’ எங்கள் கைக்கு வந்தது ஒரு டிஸ்க்காக. ஒரு நண்பர் வீட்டு மாடியில், ஜன்னலில் போர்வையைக் கட்டி, சுவரில் விட்டுப் பார்த்தோம்.

பிரெஞ்சு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவரையும் அழைத்திருந்தோம். பிரான்ஸ் கிராமத்துப் படம் என்று சொன்னதும் ஆர்வமாக வந்தார். பத்து நிமிஷம் போனது.

“கூர்தாம்பியேர்னு போடுறான், ஒருத்தன்கூட பிரான்சே பேசலியே தம்பி?”

“மூணு மொழியில எடுத்தாங்க சார். ஜெர்மன்தான் ஒழுங்கா மிஞ்சிச்சு.”

“அப்ப பிரான்சேயில பேசினது எங்க?”

அந்தப் பிரதியின் படத் துண்டுகள் இதற்குள்ளேயே ஒட்டுப் போட்டிருக்கின்றன என்று சொன்னேன். அதன்பிறகு அவர் வசனத்தை விட்டுவிட்டார், படத்தைப் பார்த்தார். மாவு ஆலைக் காட்சி வந்தது. மருத்துவர் கம்பிக் கூண்டுக்குள் மாட்டிக்கொள்கிறார். பல்சக்கரங்கள் சுழல, மேலிருந்து மாவு கொட்டுகிறது. முட்டி, இடுப்பு, மார்பு. டிரையர் முதலில் அவனைச் சேற்றில் புதைக்கத்தான் நினைத்திருந்தார். வெண்பொடி படிந்த ஓர் ஆலையைப் பார்த்துவிட்டு எண்ணத்தை மாற்றினார். கறுப்பில் சாக வேண்டியவன் வெள்ளையில் சாகிறான். அதே நேரம் ஆலனும் ஜிஸேலும் ஆற்றில் பனிமூட்டத்துக்குள் படகில் வழி தெரியாமல் தவிக்கிறார்கள். இரண்டு வெண்மையும் மாறி மாறி வருகின்றன. ஒன்று மூச்சை அடைக்கிறது, மற்றது மெல்ல விலகுகிறது. வலைத்துணியில் தொடங்கிய சாம்பல் இங்கே வந்துதான் கதையாகவே ஆகிறது. இதற்காகத்தான் படம் முழுக்க அந்தப் பாடு. இதைத் தேய்ந்த பிரதி என்று எப்படிச் சொல்ல முடியும்?

விளக்கைப் போட்டதும், எங்களில் சிறியவரான ஒரு கல்லூரி மாணவர், பயமே வரவில்லை என்றார். சார் அவரைப் பார்த்து, “ராத்திரி மாடிப்படி இறங்கும்போது சொல்லு” என்றார். பிறகு என்னிடம் டிரையரின் ஜான் தார்க்கைக் கேட்டார். தூமா வீதியில் சம்மனசுகளின் மாதா கோயிலுக்கு எதிரே நிற்கும் ஜான் தார்க் சிலையைச் சிறு பிள்ளையிலிருந்து பார்த்து வளர்ந்தவர் அவர். அந்தப் படத்தின் நெகடிவ் 1928-லேயே பெர்லினில் எரிந்துபோனது. மிச்சத் துண்டுகளை வைத்து டிரையர் ஒட்டிய இரண்டாவது நெகடிவும் அடுத்த வருஷமே எரிந்தது. 1981-ல் நார்வேயில் ஒரு மனநல மருத்துவமனை அலமாரியில் டப்பாக்களாகக் கிடைத்தது முதல் வடிவத்தின் முழுப் பிரதி. இதைச் சொன்னதும் சார் எழுந்துகொண்டே, “அப்ப அடுத்த ஞாயித்துக்கிழமை அது” என்றார். டிஸ்க்கை நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.